நான்கு நொடிப் பதில்

கையில் ஜெபமாலை இல்லை என்பதைத்தான் லூயிசா முதலில் கவனித்தாள்.

பதினோரு மாதமாக அது அவளுடைய வலது கையிலேயே கிடந்தது. தினமும் காலையில் உடம்பு துடைத்து முடித்ததும், பார்த்துக்கொள்ள வரும் ஷீலா, மடங்கிப்போன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையில் அதை வைத்து, மறுபடி மூடிவிடுவாள். ஷீலா ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறவள். மாதாவைப் பற்றி அவளுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. "கைல எதுனா இருந்தா அம்மாக்குத் தெம்பா கீது" என்பதோடு அவளுடைய வேதபாடம் முடிந்தது. இப்போது அந்த இடத்தில் ஏ.சி. குளிர் மட்டும் இருந்தது. மூளையைப் படம் பிடிக்கிற இந்த மிஷின் இருக்கிற அறைக்குள் உலோகம் ஆகாது என்று வாசலிலேயே கழற்றி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட்டார்கள். மணிகள் டப்பாவில் விழுந்த சத்தம் லூயிசாவுக்குக் கேட்டது. அவளுக்கு எல்லாமே கேட்கும். அது மட்டும்தான் டாக்டர்கள் யாருக்கும் தெரியாது.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் மயிலாப்பூர் வீட்டுச் சமையலறையில், அடுப்பில் பால் இருக்க, அப்படியே சரிந்தவள். மூளைத்தண்டில் ரத்தக் கட்டி என்றார்கள். ஒரு விரல் அசையாது, இமை சொன்னபடி மூடாது, கண்மணி நகராது. கண் திறந்திருக்கிறது, ஆனால் உள்ளே ஆள் இல்லை என்று ஒரு பெரிய டாக்டர் சொன்னார். அந்த ஆளின் காதுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுதான் சொன்னார். பழைய மிஷின் ஒன்றில் போட்டுப் படமும் எடுத்தார்கள். அதில் கலங்கிய குட்டையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. முப்பத்து நான்கு வருஷம் மாதா கோயில் பங்குப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் 'கையைக் கட்டு, வாயில் விரலை வை' என்று அதட்டியவள் லூயிசா டீச்சர். அந்தப் பிள்ளைகளில் யாரோ ஒன்று மனசார சாபம் விட்டிருக்க வேண்டும் என்று படுக்கையில் கிடந்து அவளே பலமுறை நினைத்துக்கொண்டாள்.

அவள் கேட்கிறாள் என்று முதலில் சொன்னதும் ஷீலாதான். "சார், அம்மா உள்ள கீது. டி.வி.ல பூசை போட்டா மூச்சு வேற மாரி வர்து, நீயே பாரு" என்று டெரன்ஸைத் துளைத்து எடுத்தாள். டெரன்ஸ் லூயிசாவின் மகன். நல்ல பிள்ளை. இதை இப்போதே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததற்காக அவனைத் திட்டத் தோன்றும். வேளச்சேரியிலிருந்து, வேலை முடிந்த கையோடு, தெருவெல்லாம் தண்ணீர் நின்ற மழை நாட்களில்கூட வந்து அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுப் போகிறவன். அவன்தான் நாலு பேரை விசாரித்து, அடையாறில் புதிதாக ஒரு மிஷின் வந்திருப்பதைக் கண்டுபிடித்தான்.

டிசம்பர் முதல் வாரம். காலை பதினோரு மணி. ஆனால் அடித்தளத்தில் இருந்த அந்த அறைக்குள் வெளிச்சம் நுழைய ஒரு பொத்தல்கூட இல்லை. ஸ்பிரிட் வாசனையும், புது ரப்பர் வாசனையும், எங்கேயோ சுவருக்குள் ஒரு பம்ப் மூச்சுவிடுவதுபோல் ஓயாத ஒரு சத்தமும். சக்கரக் கட்டிலின் தலைமாட்டில் நின்று டாக்டர் வர்ஷினி டெரன்ஸிடமும் அவன் தங்கை லிண்டாவிடமும் பேசிக்கொண்டிருந்தாள். சின்னப் பெண், வேகமான பேச்சு, மிஷினைப் பற்றிச் சொல்லும்போது சொந்தக் குழந்தையின் மார்க் ஷீட்டைக் காட்டுகிற பூரிப்பு.

"பழைய மிஷின் ரெண்டு மூணு நொடிக்கு ஒரு படம்தான் எடுக்கும் சார். ஒவ்வொரு புள்ளியும் பட்டாணி சைஸ். இது ஒரே நொடியில மூளை முழுசையும் மூணு தடவை எடுத்துடும். கடுகு சைஸ்ல தெரியும். முன்னாடி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேணும்னா அஞ்சு நிமிஷம் திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி பார்க்கணும். இப்ப அவ்வளவெல்லாம் வேணாம். கேள்வி முடிஞ்சதும் மூளை என்ன நினைக்குதோ, அந்த முதல் நாலு நொடி போதும்."

"நாலே நொடியா?" என்றாள் லிண்டா. அவள் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தாள். இருபதாம் தேதி திரும்பிப் போக டிக்கெட்.

"நாலே நொடி. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல யோசிச்சு மாத்திக்கவெல்லாம் நேரம் கிடையாது. அதனால பதில் ரொம்ப சுத்தமா இருக்கும்."

லூயிசாவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பயம் இல்லை அது. பதினோரு மாதத்துக்குப் பிறகு யாரோ கதவைத் தட்டப்போகிறார்கள். திறந்து, இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிட்டால் பேச்சு மாறும், மருத்துவம் மாறும், தன்னை மேஜை நாற்காலிபோலச் சுற்றிக்கொண்டு போகிறவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். அவளுக்கு வாழ வேண்டும் என்றிருந்தது. அறுபத்தொரு வயதில், ஒரு விரலும் அசையாமல், இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்று இவ்வளவு ஆசை வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

தலையைச் சுற்றி ஒரு கூண்டைப் பூட்டினார்கள். காதில் ஹெட்போன். கண்ணுக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி. அதில் தலைகீழாகவும் இல்லாமல் நேராகவும் இல்லாமல், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த அறை தெரிந்தது. ஒரு மேஜை, மூன்று திரை, மூன்று முகம். ஷீலா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், உள்ளே விடவில்லை.

கட்டில் நகர்ந்து குழாய்க்குள் போனது.

மூக்கிலிருந்து நாலு விரற்கடை தூரத்தில் கூரை. அப்போதுதான் கொஞ்சம் பயம் வந்தது, பயம் வந்த கணமே கட்டைவிரல் மணியைத் தேடியது. நிஜ விரல் எங்கே அசையும், நினைப்பில்தான். பயம் வந்தால் லூயிசாவுக்கு வாய்க்கு முன்னால் விரல் ஜெபிக்கும். கண்டிப்பான பங்குக் குடும்பங்களில் வளர்ந்த பெண்களுக்கு இது எலும்பில் ஊறியது. ஆறு வயதில் அம்மா பழக்கிவிட்டது. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, சாந்தோம் கோயில் பூசை முடிந்து கடற்கரைப் பக்கம் போயிருந்தவள், புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோதும் வலது கட்டைவிரல் ஆட்காட்டி விரலின்மேல் மணி உருட்டிக்கொண்டேதான் இருந்தது. அருள் நிறைந்த மரியே என்ற சொல் அதற்கப்புறம்தான் வந்தது. நாலு தெரு தாண்டி நின்று பார்த்தபோது கையில் மாலையே இல்லை, வெறும் விரலைத்தான் உருட்டிக்கொண்டிருந்தாள். இப்போதும் அப்படியே உருட்டினாள். பத்து மணி முடிவதற்குள் மூச்சு சீரானது.

ஹெட்போனில் ஒரு 'கிளிக்'.

"ஆன்ட்டி, நான் டாக்டர் வர்ஷினி. நான் பேசறது உங்களுக்குக் கேக்கும்னு நம்பிப் பேசறேன். மிஷின் சத்தம் போடும், பயப்படாதீங்க. நான் ஒரு கேள்வி கேப்பேன். பதில் ஆமாம்னா, உங்க வலது கை விரலை அசைக்கறதா நினைச்சுக்கோங்க. இல்லைன்னா, உங்க வீட்டுக்குள்ள நடக்கறதா நினைச்சுக்கோங்க, ஒவ்வொரு ரூமா. கை நினைப்பு மூளையில ஒரு இடத்துல வரும், வீட்டு நினைப்பு வேற இடத்துல வரும். ரெண்டும் கலக்காது. புரியுதா ஆன்ட்டி?"

புரிந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும்.

மிஷின் அலறத் தொடங்கியது. பழைய மிஷின் சுத்தியலால் ஆணி அடித்தது. இது அப்படியில்லை, மெல்லிய தகரத்தை இழைக்கிறாற்போல, இடைவெளியே விடாமல், பல்லுக்குள் இறங்கியது.

"இப்ப விரல்."

லூயிசா விரலை அசைத்தாள். சுண்டுவிரலில் தொடங்கிக் கட்டைவிரல் வரை.

"இப்ப வீடு."

கூடம். பிரகாசத்தின் படம், அவள் புருஷன் போய் நாலு வருஷம். சாப்பாட்டு மேஜை. சமையலறை, வலது பக்கம் பாத்திரம் கழுவுகிற இடம். பின் வாசல். எவ்வளவு நாள் ஆகிவிட்டது நடந்து. கால் தரையில் படுகிற குளிர்ச்சிகூட வந்தது.

கண்ணாடியில், டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். லிண்டா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆன்ட்டி, உங்க பேர் லூயிசாவா?"

விரல்.

"நீங்க இப்ப டெல்லில இருக்கீங்களா?"

வீடு.

"உங்க வீட்டுக்காரர் பேர் பிரகாசமா?"

விரல். விரல். விரல்.

"மை காட்" என்ற டாக்டரின் குரல் ஹெட்போனில் நடுங்கியது. பின்னால் டெரன்ஸ், மம்மி, மம்மி என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தான். லூயிசாவும் அழுதாள், கண்ணீர் வராத அழுகை. தட்டிய கதவு திறந்துவிட்டது. அவ்வளவுதான், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள். ஆழம் பார்க்காமல் நினைத்தாள்.

"ஆன்ட்டி, உங்களுக்கு வலி இருக்கா?"

இருந்தது. இடுப்பில் இரண்டு ரூபாய்க் காசளவு படுக்கைப் புண். இடது குதிகால் கட்டிலின் விளிம்பில் அழுந்திக்கொண்டே கிடக்கும். ஒரு தலையணை வைத்தால் போதும், பதினோரு மாதமாக யாருக்கும் தோன்றவில்லை. சொல்லக் கிடைத்த முதல் சந்தர்ப்பம். விரலை அசைத்தாள், பலமாக, உற்சாகமாக.

கண்ணாடியில் டெரன்ஸின் முகம் மாறியது.

ஹெட்போனில் 'கிளிக்'. மைக்கை அணைத்துவிட்டார்கள்.

அடுத்த கேள்விக்காக அவள் காத்திருந்தாள். எங்கே வலி, இடுப்பிலா, காலிலா. அதுதானே கேட்க வேண்டும். கேட்கவில்லை. கண்ணாடிக்குள் மூன்று வாயும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. டெரன்ஸ் பேசினான். லிண்டா தலையை இடவலமாக ஆட்டினாள். டெரன்ஸ் மறுபடி பேசினான், திரையைக் கை நீட்டிக் காட்டினான், நெற்றியில் அடித்துக்கொண்டான். முப்பத்து நான்கு வருஷம் கடைசி பெஞ்சில் கிசுகிசுக்கிற வாய்களைப் படித்தவள் லூயிசா. பதினோரு மாசமா. அதைப் படித்தாள். வலியோட. அதையும் படித்தாள். அடுத்து வந்தது என்ன சொல் என்று பிடிபடவில்லை. லிண்டா அழுகையை நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்தாள். பிறகு, மெதுவாக, மேலும் கீழுமாகத் தலையை ஆட்டினாள்.

டாக்டர் இரண்டு கையையும் தூக்கி, இது என் வேலை இல்லை என்பதுபோல் பின்வாங்கினாள். நாற்காலியைக் காலி செய்தாள். மைக்கை மட்டும் அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

டெரன்ஸ் உட்கார்ந்தான்.

'கிளிக்.'

"மம்மி." மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டான். "உங்களுக்கு இவ்வளவு வலின்னு எங்களுக்குத் தெரியாது மம்மி. மன்னிச்சிருங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க சொல்றதுதான், வேற யார் சொல்றதும் இல்ல." பின்னால் மிஷின் மறுபடி இழைக்கத் தொடங்கியது. "உங்களுக்குப் போதுமா மம்மி? டியூபை எடுத்துட்டு, உங்களை நிம்மதியா அனுப்பி வெச்சிடட்டுமா?"

டியூப் என்றால் மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகிற குழாய். கஞ்சி, தண்ணீர், மாத்திரை எல்லாம் அதில்தான். அதை எடுத்தால் என்ன ஆகும் என்று ஷீலா ஒருமுறை பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். பத்து நாள். பன்னிரண்டு நாள்.

ஐயோ. வேண்டாம்.

கடைசிச் சொல் முடிவதற்குள் கட்டைவிரல் உருளத் தொடங்கிவிட்டது. அருள் நிறைந்த மரியே, வாழ்க. அவள் உருட்டவில்லை, அது தானாக உருண்டது, கடலைப் பார்த்த அன்று உருண்டதுபோல். கர்த்தர் உம்முடனே. மணி. மணி.

"ஆமாம்" என்றாள் டாக்டர், பின்னாலிருந்து. "ரொம்பத் தெளிவா இருக்கு. நான் இவ்வளவு சுத்தமா பார்த்ததே இல்ல."

ஒரு நொடி லூயிசாவுக்கு விளங்கவில்லை. யார் ஆமாம் சொன்னது, எதற்கு.

பிறகு விளங்கியது.

விரல். விரலென்றால் ஆமாம். அவளுடைய பயம் விரலில் இருக்கிறது என்று அந்த மிஷினுக்கு யார் சொல்வது. வீடு, வீடு என்று அவள் கூடத்துக்கு ஓடினாள், பிரகாசத்தின் படத்துக்கு ஓடினாள்; அதற்குள் இழைக்கிற சத்தம் நின்றிருந்தது. நாலு நொடி முடிந்துவிட்டது.

"இதை ஒரு தடவை கேட்டு முடிவு பண்ணக் கூடாது" என்றாள் டாக்டர். "மூணு தடவை கேளுங்க."

தேவனே, மூன்று தடவை. இன்னும் இரண்டு இருக்கிறது. பதறாதே. கேள்வி முடிந்ததும் கூடம். ஜெபிக்காதே. மாதாவைக் கூப்பிடாதே. விரலை மறந்துவிடு, உனக்கு விரலே இல்லை.

குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்று வைத்தியன் சொன்ன கதைதான்.

"மம்மி. நிம்மதியா அனுப்பி வெச்சிடட்டுமா?"

உருண்டது. முன்னைவிட வேகமாக. பத்து விரலும் உருண்டன. பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவள் நீரே, வேண்டாம் தாயே, நிறுத்து, நீயாவது நிறுத்து, மணி, மணி, மணி.

"ஆமாம்."

லிண்டா விம்மினாள். டெரன்ஸ் மேஜையில் தலையைக் கவிழ்த்தான். தாயின் மனசைத் தெரிந்துகொண்ட பிள்ளையின் அழுகை அது, அதில் பொய் இல்லை. அதுதான் கொடுமை.

இன்னும் ஒன்று.

லூயிசா மாலையை அறுத்தாள். நினைப்பிலே, இரண்டு கையாலும் பிடித்து, இழுத்து, அறுத்தாள். மணிகள் சிதறின. அம்மா பழக்கியதை, ஐம்பத்தைந்து வருஷத்தை, அறுத்துப்போட்டாள். விரலை மறந்தாள். பயத்தைப் பல்லால் கடித்துக்கொண்டாள். மனசு வெறிச்சென்று, துடைத்த கரும்பலகையாக ஆனது. இப்போது கேள். இப்போது கேளடா கண்ணே. நான் தயார்.

"மம்மி. கடைசி தடவை. அனுப்பி வெச்சிடட்டுமா?"

வீடு. ஓடினாள். இந்த முறை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று, முதலிலிருந்து, தெருவிலிருந்தே ஓடினாள். வாசல். இரும்பு கேட்.

கேட் பூட்டியிருந்தது.

உள்தாழ்ப்பாள். எப்போதும் இறுகிக்கொள்கிற தாழ்ப்பாள். கம்பிக்கு நடுவே வலது கையை விட்டாள். விரலால் பிடித்து ஆட்டினாள். வரவில்லை. ஆட்டினாள். துரு. விரல் வழுக்கியது. இழுத்தாள், திருகினாள், இழுத்தாள். வந்தது. திறந்தது. உள்ளே பாய்ந்தாள். கூடம். படம். மேஜை. சமையலறை. இல்லை. பின்வாசல். இல்லை. மாடிப்படி. இல்லை, இல்லை, இல்லை.

சுற்றிலும் அமைதி.

மிஷின் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. சுவருக்குள் பம்ப் மட்டும்.

"மூணும் ஒரே பதில்" என்றாள் டாக்டர் வர்ஷினி, தணிந்த குரலில். "இதுக்கு மேல எடுத்து அவங்களைக் கஷ்டப்படுத்த வேணாம். என்ன செய்யணும்னு நான் சொல்ல முடியாது சார். இது ஆராய்ச்சி. உங்க டாக்டர்கிட்ட பேசிக்கோங்க." பிறகு, அடக்க முடியாமல், "ஆனா எவ்வளவு தெளிவு பாருங்க" என்றாள்.

லூயிசா மாடியில் ஒவ்வொரு அறையாக நடந்துகொண்டிருந்தாள்.

ஒரு வாரத்தில், மயிலாப்பூர் வீட்டில், டியூபை மாற்றுகிற நாள் வந்தது. எடுத்தார்கள். திரும்பப் போடவில்லை. யாரும் எதையும் நிறுத்தவில்லை, போடவில்லை, அவ்வளவுதான் என்று டெரன்ஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவஸ்தை பூசுதல் கொடுக்க வந்த சாமியாரிடம், டியூப் இறங்கவில்லை ஃபாதர் என்றார்கள். அவர் பாவம், நெற்றியில் எண்ணெய் தொட்டு, நல்ல மரணத்துக்காக வேண்டிக்கொண்டு போனார்.

லிண்டா படத்தை போனில் வைத்திருந்தாள். சாம்பல் நிற மூளையில், இடது பக்கம் மேலே, செக்கச் செவேலென்று ஒரு பொட்டு. பங்கிலிருந்து வருகிற ஒவ்வொருவருக்கும் காட்டினாள். "இதுதான் ஆன்ட்டி, ஆமாம். மூணு தடவை சொன்னாங்க." வந்தவர்கள் அந்தப் பொட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். நம்ம டீச்சர் கடைசி வரைக்கும் எவ்வளவு தெளிவு என்றார்கள். ஒரு பெண் போனையே கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் தாகம் தொண்டையில் இருந்தது. நாலாம் நாள் உடம்பெங்கும் இருந்தது. நாக்கு பெரிதாகி, மரக்கட்டையாகி, வாயைத் திறந்தபடி நிறுத்திவிட்டது. நனைத்த பஞ்சை உதட்டில் வைத்து எடுப்பார்கள், அந்த ஒரு சொட்டு உள்ளே இறங்குகிறதா என்று அவள் அத்தனை உயிரையும் திரட்டிக் காத்திருப்பாள். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள்தான். சமையலறையில் லிண்டா கல்கல் பொரித்தாள். தேங்காய்ப்பாலும் மைதாவும் எண்ணெயில் சிவக்கிற வாசனை கூடத்தைத் தாண்டி, கதவைத் தாண்டி, கட்டில்வரை வந்தது. துக்க வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஏதாவது வேண்டாமா என்று லிண்டா யாரிடமோ சொல்வது கேட்டது.

ஷீலாவை அவள் நம்பியிருந்தாள். ஷீலாவுக்குத் தெரியும். மூச்சைப் பார்த்தே கண்டுபிடித்தவள், இதையும் கண்டுபிடிப்பாள். ஷீலா வருகிற ஒவ்வொரு காலையும் லூயிசா மூச்சை முடிந்தமட்டும் மாற்றிப் பார்த்தாள், வேகமாக, மெதுவாக, வேகமாக. கேள், ஷீலா. உள்ளே இருக்கிறேன். எனக்கு வேண்டாம்.

ஆறாம் நாள் மத்தியானம் ஷீலா கட்டிலோரம் உட்கார்ந்தாள். மூக்கைச் சிந்தினாள்.

"மூச்சு மாறிப்போச்சுமா உனக்கு. கெளம்பிட்ட. தெரியுது." லூயிசாவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "நீயே போதும்னு சொல்ட்டியாமே. மூணு தபா சொன்னியாமே. நான் நம்பவே இல்ல, சார் படத்தைக் காட்டுனாரு. பதினோரு மாசம் உங்கூடப் பேசிக்கினே கெடந்தேன். எனக்கு ஒரு வார்த்த சொல்லத் தோணல பாரு உனக்கு. சரி போ. நல்லபடியா போ."

அந்த வீட்டில் கடைசியாக எரிந்துகொண்டிருந்த விளக்கும் அணைந்தது.

மூன்று மணிக்கு லிண்டா உள்ளே வந்தாள். அம்மாவின் முகத்தையே நெடுநேரம் பார்த்தாள்.

"ஷீலா, இந்த வாய் இப்படியே திறந்து நின்னுடுமா?"

"உசுரு போயி வெறச்சிட்டா அப்பால மூடாது கண்ணு."

"டாடிக்கு அப்படித்தான் ஆச்சு. பெட்டியில பார்க்கவே முடியல. பிள்ளைங்கல்லாம் பயந்துச்சு." லிண்டா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "மம்மி ரொம்ப அழகா இருப்பாங்க ஷீலா. டீச்சர் இல்லையா, எல்லாரும் பார்க்க வருவாங்க. இப்பவே கட்டிட்டா என்ன? இன்னைக்கோ நாளைக்கோதானே."

ஷீலா பல பேருக்குச் செய்தவள். எழுந்துபோய், வெள்ளை வேட்டியிலிருந்து நாலு விரல் அகலத்தில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு வந்தாள். கிழிகிற சத்தம் நீளமாகக் கேட்டது.

தாடையின் கீழே துணி வந்தது. சோப்பு வாசனை. இரண்டு காதையும் மூடி மேலே ஏறியது. உலகம் மங்கலாகக் கேட்டது. ஒரு கை மோவாயைத் தாங்கி மேலே தூக்க, பதினோரு மாதமாகத் திறக்காத வாய், ஆறு நாளாக மூடாத வாய், பல்லோடு பல் பொருந்தி மூடியது. உச்சந்தலையில் முடிச்சு. இன்னொரு முடிச்சு. இறுக்கி.

"இப்ப பாரு, மகாராணி கணக்கா" என்றாள் ஷீலா, அழுகையோடு.

மூக்கு வழியாக மட்டும் காற்று வந்தது. மெல்லிசாக. விசில் அடித்தபடி. போதவில்லை.

தலையைத் தலையணையில் ஒருக்களித்து வைத்துவிட்டு இருவரும் கையைக் கழுவப் போனார்கள். அசையாத கண்ணுக்கு நேரே கட்டிலோரத்து ஸ்டூல் இருந்தது. அதன்மேல் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு. தட்டில், யாரோ முன்கூட்டியே பதமாக உருட்டி வைத்திருந்த பஞ்சு.

இரண்டு உருண்டை. மூக்குத் துவாரத்தின் அளவு.

கூடத்திலிருந்து செருப்பில்லாத காலடி ஒன்று திரும்பி வந்துகொண்டிருந்தது.